பஸ்ஸுக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று: நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் ஓர் ஒப்பீடு

போன மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் ஒண்ணு வாங்கணும். நாலாயிரத்துச் சொச்சம் சேர்த்து வெச்சிருக்கேன். எது நல்லது?" குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். படிக்கிற இடம் மாடியில் ஒற்றை அறை. கீழே அக்காவின் சீரியல், இரண்டு வீடு தள்ளி மாவு மில், மாடிப்படிக்கு அடியில் தண்ணீர் மோட்டார். இந்த மூன்றும் வாயை மூடினால்தான் அரசியலமைப்புச் சட்டம் மண்டையில் ஏறும் என்கிறாள்.

அதே வாரம் நானும் ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸில் போய் வருகிறவன் நான். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது கிலோமீட்டர், எல்லாம் தேசிய நெடுஞ்சாலை 44 மேலேதான். கையில் இருந்த பழைய பட்ஸில் இடது காது பதினான்காவது மாதம் உயிரை விட்டது. வாரன்டி பன்னிரண்டு மாதம். கம்பெனி பேர் வேண்டாம், விடுங்கள்.

இருவரும் தேடியது ஒரே சாமான். ஆனால் நான் தப்பிக்க நினைத்த சத்தம் வேறு, அவள் தப்பிக்க நினைத்த சத்தம் வேறு. யூடியூப்பில் பத்துப் பதினைந்து வீடியோ பார்த்தேன். ஒருவர் விமானத்தில் உட்கார்ந்து சோதிக்கிறார், இன்னொருவர் மெட்ரோவில், மற்றொருவர் ஏசி போட்ட காபிக் கடையில். ஜன்னல் கண்ணாடி பாதியிலேயே சிக்கிக்கொண்ட பஸ்ஸில் உட்கார்ந்து யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று ஆபீஸ் நண்பர், பெங்களூரில் வேலை செய்யும் சித்தப்பா மகன், பக்கத்து வீட்டுத் தம்பி என்று மூன்று நான்கு பேரிடம் இரவல் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் ரப்பரைக் கழற்றி ஸ்பிரிட்டில் துடைத்துத்தான் காதில் போட்டேன். திரும்பக் கொடுத்ததும் அவர்களும் அதையே செய்திருப்பார்கள்.

எந்தச் சத்தத்தை விழுங்கும், எதை விழுங்காது

இந்தத் தொழில்நுட்பம் காதுக்கு வந்ததே விமானத்துக்காகத்தான். 1930களிலேயே பால் லூயெக் என்ற ஜெர்மானியர் சத்தத்தைச் சத்தத்தால் அழிக்கும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது காதுக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது. 1978ல் அமர் போஸ் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலைத் தாண்டிப் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். இவருடைய அப்பா வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர். 1989ல் அமர் போஸின் கம்பெனி விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் காதில் கிடக்கிற பட்டாணி அளவு பட்ஸ் வரை எல்லாம் அந்த வம்சம்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. பட்ஸுக்கு வெளிப்பக்கம் ஒரு மைக், காது துவாரத்தைப் பார்த்தபடி உள்ளே ஒரு மைக். வெளியிலிருந்து வரும் ஒலி அலையில் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று சிப் பார்க்கிறது. மேடு வருகிற நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு பள்ளத்தை அனுப்புகிறது. மேட்டு மண்ணை வெட்டிக் குழியில் போட்டுக் கழனியைச் சமன் செய்கிற மாதிரி. உள் மைக் மிச்சம் என்ன இருக்கிறது என்று சரி பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இதில் முக்கியமான விஷயம் நேரம். பஸ்ஸின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. ஆக நொடிக்கு 75 வெடிப்பு, அதாவது 75 ஹெர்ட்ஸ். ஒரு அலை வந்து போக 13 மில்லி செகண்ட். சிப்புக்கு இது தாராளமான அவகாசம். அதுவே 3000 ஹெர்ட்ஸில் கீச்சென்று வருகிற ஒரு சத்தம் என்றால் ஒரு அலைக்கு மில்லி செகண்டில் மூன்றில் ஒரு பங்குதான். கொஞ்சம் நேரம் பிசகினால் பள்ளம் விழ வேண்டிய இடத்தில் மேட்டின் மேல் மேடு விழும். குறைக்கப் போய்க் கூட்டிவிட்ட கதை. அதனால் சுமார் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதுவும் ஒரே சீராக வரும் சத்தத்தில்தான் இந்த வித்தை நன்றாக எடுபடும். அதற்கு மேலே உள்ளதைத் தடுப்பது காதை அடைக்கிற ரப்பர் டிப்தான். ஐயாயிரம் ரூபாய்ப் பொருளிலும் இருபத்தைந்தாயிரம் ரூபாய்ப் பொருளிலும் இந்த விதி ஒன்றுதான்.

இப்போது எங்கள் பஸ்ஸுக்கு வாருங்கள். எஞ்சின் உறுமல், டயர் உருளும் இரைச்சல்: போயே போச்சு. சத்த நீக்கத்தை, அதாவது நாய்ஸ் கேன்சலிங்கைப் போட்ட அந்த நொடியில் பஸ்ஸையே ஆஃப் செய்துவிட்டார்களோ என்று நிமிர்ந்து பார்க்கத் தோன்றும். ஆனால் தனியார் பஸ்ஸில் தலைக்கு மேலே ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு முழுசாகப் போகாது. அதிலுள்ள டிரம்மும் பேஸும் கரைந்து, பாடுகிறவரின் குரல் மட்டும் எலும்புக்கூடாக நிற்கும். சில பாட்டுக்கு அது இன்னும் மோசம். பின் சீட்டில் தெலுங்கில் ஒரு நிலத் தகராறு, முன் சீட்டில் கன்னடத்தில் ஒரு போன், நடுவில் தமிழில் சில்லறைச் சண்டை. ஓசூர் பஸ்ஸில் ஏறினால் மூன்று மொழியும் கேட்கும், நீக்கம் போட்டாலும் கேட்கும். பேச்சைப் புரிய வைக்கிற மெய்யெழுத்துச் சத்தமெல்லாம் மேல் அலைவரிசையில் இருப்பதால், பின்னால் மறைந்திருந்த வார்த்தை முன்பைவிடத் தெளிவாகவே காதில் விழும் நேரமும் உண்டு. ஹார்ன் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதைக் காது கேட்பதே நல்லது.

அப்புறம் காற்று. எந்த வீடியோவிலும் சரியாகச் சொல்லப்படாத விஷயம் இது. குருபரப்பள்ளி தாண்டி பஸ் வேகமெடுத்ததும் ஜன்னல் காற்று நேராக வெளி மைக்கில் மோதும். காற்று மைக்கில் உரசுவதைச் சிப் ஒரு சத்தம் என்று நினைத்துக்கொண்டு எதிர்ச் சத்தம் தயாரிக்கும். காதுக்குள் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இரையும். நான் போட்டுப் பார்த்த எல்லாவற்றிலும் இது இருந்தது, அளவு மட்டும் கூடக் குறைய. இருபத்தைந்தாயிரம் ரூபாய் செலவழிப்பதைவிட ஜன்னல் சீட்டை விட்டு நடைபாதைப் பக்கம் உட்காருவது இதற்கு நல்ல மருந்து. ஆப்பில் காற்றுக்கென்று ஒரு மோடு இருந்தால் அதையும் போட்டு வையுங்கள்.

அட்டையில் போட்டிருக்கும் 50 டெசிபல்

கடையில் அட்டையைத் திருப்பினால் எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று 32, 42, 45, 50 என டெசிபல் கணக்கு போட்டிருக்கும். அதிகம் என்றால் நல்லது என்று நானும் நினைத்தேன். அந்த எண் பெரும்பாலும் ஏதோ ஒரு அலைவரிசையில், நீக்கம் உச்சத்தில் இருக்கும் புள்ளியில் எடுத்தது. எல்லாச் சத்தத்திலும் அவ்வளவு குறையும் என்று அதற்குப் பொருள் கிடையாது. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானது போலத் தோன்றும் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 32க்கும் 45க்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், தெரிகிறது. 45க்கும் 50க்கும் நடுவில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நடுத்தர டிப்பை எடுத்துவிட்டுச் சரியான அளவு டிப்பைப் போட்டபோது பெரிய வித்தியாசம் தெரிந்தது. டிப்புக்கும் காதுக்கும் நடுவில் நூலளவு சந்து இருந்தாலும் கீழ்ஸ்தாயிச் சத்தம் அதில் நுழைந்துவிடும், பாட்டின் பேஸ் அதில் வெளியேறிவிடும். பட்ஸ் நன்றாக இல்லை என்று திட்டுகிறவர்களில் பலருக்கு டிப்தான் சரியாக இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒரு எச்சரிக்கை. பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள மொபைல் கடைகளில் 999, 1299 என்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பவற்றில் பலவற்றின் அட்டையில் ஈஎன்சி என்று இருக்கும். கேட்டால் "நாய்ஸ் கேன்சல் இருக்குண்ணா" என்பார்கள். அவர் சொல்வதும் பொய் இல்லை. ஈஎன்சி என்பது நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தத்தைக் குறைத்து எதிர்முனைக்கு அனுப்புவது. லாபம் எதிரில் பேசுகிறவருக்கு, உங்கள் காதுக்கு ஒன்றும் இல்லை. உங்கள் காதுக்கு வேண்டியது ஏஎன்சி, அதாவது மேலே சொன்ன சத்த நீக்கம். ஒரு எழுத்துதான் வித்தியாசம். என் அக்கா மகள் முதலில் ஆர்டர் போட்டு வைத்திருந்ததே ஈஎன்சிதான், நல்லவேளை கேன்சல் செய்ய நேரம் இருந்தது.

மூன்று விலை, மூன்று அனுபவம்

இனி விலைக்கு வருவோம். கீழே சொல்பவை அந்தந்த மாடல் இந்தியாவில் வெளியானபோது இருந்த விலை. பண்டிகை ஆஃபரில் கணிசமாக இறங்கும்.

மேல்தட்டில் சோனி டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்5. 2023ல் 24,990 ரூபாய்க்கு வந்தது. சித்தப்பா மகன் சனி ஞாயிறு வந்தபோது விட்டுப் போனான், மூன்று நாள் பஸ்ஸில் போட்டேன். இதோடு வரும் டிப் ரப்பர் இல்லை, ஒருவகை நுரை. விரலால் அழுத்திச் சுருக்கி உள்ளே விட்டால் காதுக்குள் மெதுவாக விரிந்து அடைத்துக்கொள்ளும். நான்கு அளவில் கொடுக்கிறார்கள். எஞ்சின் சத்தத்தை எல்லா பட்ஸும்தான் அடக்குகின்றன, இது பேச்சையும் கொஞ்சம் அடக்கியது. அந்தப் பெருமையில் பாதியை நான் நுரைக்குத்தான் கொடுப்பேன். நீக்கம் போட்டே 8 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி, ஓசூர் போய் வர மூன்று நாளுக்குக் காணும். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை என்பது உண்மை.

ஆபீஸ் நண்பருடையது ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறை, டைப்-சி பெட்டியுடன் 24,900க்கு வந்தது. நீக்கத்தில் சோனிக்கு ஈடு கொடுக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு நேர் எதிரான வசதி: வெளிச் சத்தத்தை உள்ளே விடும் மோடு. காதில் ஒன்றுமே போடாதது போல் கண்டக்டர் பேசுவது இயல்பாகக் கேட்கிறது. மற்றவற்றில் இதே மோடில் எல்லோரும் மைக் பிடித்துப் பேசுகிற மாதிரி இருக்கும். நீக்கத்தோடு 6 மணி நேரம். 2025ல் மூன்றாம் தலைமுறை 25,900க்கு வந்தது, அதில் 8 மணி நேரம் என்கிறார்கள், டிப்பிலும் நுரை சேர்த்திருக்கிறார்கள். ஐபோன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் வாங்கினால் அது கல்யாண வீட்டுக்குப் போய்த் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டு வந்த மாதிரி. பாட்டு கேட்கும், நீக்கம் வேலை செய்யும், ஆனால் செட்டிங் மாற்ற ஆப் கிடையாது, மென்பொருள் புதுப்பிக்கவும் ஆப்பிள் சாதனம் ஒன்று வேண்டும். இதே போல சாம்சங்கின் பட்ஸ்3 ப்ரோவில் உள்ள உயர்தர ஒலி வசதி சாம்சங் போனோடு சேர்ந்தால்தான் முழுசாகக் கிடைக்கும். அது 2024ல் 19,999க்கு வந்தது. மேல்தட்டில் எது வாங்குவது என்பதை முக்கால்வாசி உங்கள் போனே முடிவு செய்துவிடுகிறது.

காதை அடைத்தாலே தலை சுற்றுகிறது என்கிறவர்களுக்கு ஏர்பாட்ஸ் 4ல் ஏஎன்சி உள்ள மாடல் ஒன்று உண்டு, 17,900. டிப்பே கிடையாது, சும்மா காதில் தொங்கும். டிப் இல்லாமல் இவ்வளவு நீக்கம் செய்வது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள்: அடைப்பு இல்லாத இடத்தில் பேச்சும் ஹார்னும் நேராக உள்ளே வரும். எங்கள் பஸ்ஸுக்கு அந்தப் பணம் தண்டம்.

நடுத்தட்டில் நத்திங் இயர் ஏ. 2024 ஏப்ரலில் 7,999க்கு வந்தது, 45 டெசிபல் என்று அட்டை சொல்கிறது. எஞ்சின் இரைச்சலில் சோனியோடு ஒப்பிட்டால் எண்பது பைசா வேலையைச் செய்கிறது என்பேன். பேச்சை அடக்குவதில் பின்தங்குகிறது, ரப்பர் டிப் ஆயிற்றே. தண்டைக் கிள்ளினால்தான் கட்டளை ஏற்கும், தொட்டதற்கெல்லாம் பாட்டு நிற்காது. தொடு பட்டன் உள்ள ஒன்றை முன்பு வைத்திருந்தேன், காதருகே துண்டு பட்டாலே அடுத்த பாட்டுக்குத் தாவும். நீக்கம் போட்டால் ஐந்தரை மணி நேரம்தான் ஓடும், இதன் ஒரே குறை அதுதான்.

கீழ்த்தட்டில் இரண்டு. சிஎம்எஃப் பட்ஸ் ப்ரோ 2, 4,299. ஒன்பிளஸ் நார்ட் பட்ஸ் 3 ப்ரோ, 3,299. இரண்டும் 2024 ஜூலையில் வந்தவை, முதலாவதில் 50 டெசிபல் என்றும் மற்றதில் 49 என்றும் போட்டிருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் இந்த விலையில் ஏஎன்சி என்றால் ஃபேன் சத்தம் லேசாகக் குறையும், அவ்வளவுதான். இப்போது நிலைமை வேறு. பக்கத்து வீட்டுத் தம்பியின் சிஎம்எஃப்பைப் போட்டுக்கொண்டு சூளகிரி வரை போனேன், எஞ்சின் உறுமலில் எண்ணாயிரம் ரூபாய்ப் பொருளுக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. பெட்டி மேல் ஒரு திருகு இருக்கிறது, சட்டைப் பையில் கைவிட்டு அதைத் திருகியே சத்தத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். நெரிசலில் நின்றுகொண்டு போகிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். 11 மணி நேரம் ஓடும் என்று போட்டிருப்பது நீக்கத்தை அணைத்து வைத்தால்தான். போட்டால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பல கம்பெனி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அணைத்து வைத்த கணக்கு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்டிஏசி போன்ற உயர்தர கோடெக் (போனிலிருந்து பட்ஸுக்குப் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) பற்றி நிறையப் பேசுகிறார்கள். நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், ஐபோனில் கிடையாது. அமைதியான அறையில் நல்ல பதிவைக் கேட்டால் வித்தியாசம் தெரியலாம். பஸ்ஸில் யூடியூப்பில் பழைய பாட்டு கேட்கிற எனக்கு அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

போன் பேசுவதில் யாரும் உத்தமர் இல்லை. ஓடும் பஸ்ஸில் எதைப் போட்டுப் பேசினாலும் என் மனைவி "இறங்கிப் பேசுங்க" என்றுதான் சொன்னாள்.

சேலத்துக்கு ஒரு நாள் லீவு

சின்ன ஊரில் இருப்பவர்கள் விலைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது சர்வீஸ் சென்டர். பெரிய நகரத்துக்காரர் எழுதும் ஒப்பீட்டில் இது கடைசி வரியில் வரும். எனக்கு இது முதல் வரி. பழைய பட்ஸுக்கு, வாரன்டி இருந்த காலத்திலேயே ஒருமுறை பெட்டியில் சார்ஜ் ஏறாமல் போனது. கிருஷ்ணகிரியில் சென்டர் இல்லை, சேலத்துக்குப் போ என்றார்கள். ஒரு நாள் லீவு, போக வர பஸ் காசு, கொடுத்துவிட்டு வந்து பத்து நாள் கழித்து இன்னொரு நடை. பொருள் இலவசமாகத்தான் சரியானது, எனக்குத்தான் ஆயிரம் ரூபாய் பழுத்துவிட்டது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் கம்பெனி தளத்தில் நம் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். ஓசூரிலோ தர்மபுரியிலோ சென்டர் இருக்கிறதா, இல்லையென்றால் வீட்டுக்கு வந்து எடுத்துப் போகிறார்களா, ஒரு காது தொலைந்தால் அந்த ஒரு காதை மட்டும் தனியாக விற்கிறார்களா. கடைசிக் கேள்விக்கு ஆப்பிள் ஆம் என்கிறது. மலிவான பிராண்டுகள் பலவற்றில் ஒரு காது போனால் ஜோடியே போன மாதிரிதான்.

இன்னொன்று, எந்த விலையில் வாங்கினாலும் உள்ளே இருப்பது கடுகத்தனை லித்தியம் பேட்டரி. நானூறு ஐந்நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினால் அதன் கொள்ளளவு தளர ஆரம்பிக்கும். தினமும் போடுகிறவருக்கு அது இரண்டு மூன்று வருடம். பேட்டரியை மட்டும் மாற்றித் தரும் கடை நம் பக்கம் நான் பார்த்ததில்லை. 25,000 ரூபாயை மூன்று வருடத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 23 ரூபாய். 4,299ஐ இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் 6 ரூபாய்க்கும் குறைவு. நடுவில் உள்ள பதினேழு ரூபாய்க்குத் தினமும் ஒரு டீ குடித்துவிடலாம். இந்தக் கணக்கைச் சித்தப்பா மகனிடம் சொன்னேன், "நீ டீ குடி, எனக்கு அமைதி போதும்" என்றான். அவன் மாதத்துக்கு இரண்டு முறை விமானம் ஏறுகிறவன். அவனுக்கு அது சரி.

தேவையே இல்லாமல் போகலாம்

படிப்பதற்கு மட்டும் என்றால் இயர்பட்ஸே வேண்டாம் என்று அக்கா மகளிடம் ஒரு கட்டத்தில் சொன்னேன். மெடிக்கலில் காதுக்குப் போடும் நுரை அடைப்பான் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். உருட்டிச் சுருக்கி உள்ளே விட வேண்டும். பேச்சை அடக்குவதில் விலை உயர்ந்த பட்ஸ்களுக்கே அது சவால் விடும். ஒரு வாரம் போட்டுப் பார்த்தாள். சீரியல் நன்றாகக் குறைந்தது, ஆனால் மாவு மில்லின் அதிர்வு அப்படியே இருக்கிறது, தன் மூச்சுச் சத்தம் வேறு காதுக்குள் கேட்கிறது என்றாள். அதோடு ஆன்லைன் வகுப்பும் கேட்க வேண்டும். ஆக அது கழிந்தது. காது மேல் கவிழ்க்கும் பெரிய ஹெட்போன் நீக்கத்தில் இன்னும் சிறந்தது, ஆனால் மாடி அறை ஏப்ரலில் எப்படி இருக்கும் என்று இந்த ஜில்லாக்காரர்களுக்குத் தெரியும். அரை மணியில் காதுமடல் வெந்துவிடும். நெக்பேண்டு பற்றியும் யோசித்தோம். கழுத்திலேயே கிடக்கும், தொலையாது, ஏஎன்சி உள்ளவையும் இரண்டாயிரம் சில்லறைக்கு வருகின்றன. கடை வைத்திருப்பவர்களும் நாள் பூரா போன் பேசுகிறவர்களும் அதையே வாங்குங்கள் என்பேன். படுத்துக்கொண்டு படிக்கிறவளுக்கு அது கழுத்தில் குத்தியது.

சிப்காட்டில் மெஷின் பக்கம் நிற்கிற நண்பர் ஒருவர், "ஏஎன்சி போட்டுக்கிட்டா கம்பெனி கொடுக்கிற இயர் மஃப் வேண்டாமே" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் இந்த யோசனை. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று தொழிற்சாலை விதிகளில் வரம்பு வைத்திருப்பது விளையாட்டுக்கு இல்லை. இயர்பட்ஸ் காதுப் பாதுகாப்புச் சாதனம் என்று சோதித்துச் சான்று பெற்றது கிடையாது. இரும்பு மேல் இரும்பு விழும் திடீர்ச் சத்தத்தை அதன் சிப் பிடிக்காது. கிரானைட் அறுக்கிற இடத்துக்கும் இதே பேச்சுதான்.

ஆனால் பஸ்ஸில் காதைக் காப்பாற்றுவது உண்மை. நீக்கம் இல்லாதபோது எஞ்சினை மீறிக் கேட்க நான் சத்தத்தைக் கடைசிக் கோட்டுக்கு ஒரு கோடு முன்னால் வரை ஏற்றுவேன். இப்போது பாதியில் நிற்கிறது. வாரத்துக்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு அளவு சொல்கிறது. எனக்குப் போக வர வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம். பழைய சத்தத்தில் என்றால் செவ்வாய்க்கிழமையே என் வாரக் கோட்டா முடிந்திருக்கும். ரவுண்டானாவில் இறங்கியதும் மட்டும் இரண்டையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவேன். வண்டி ஓட்டும்போது கேட்கவே கூடாது.

கடைசியில் நான் வாங்கியது நத்திங் இயர் ஏ, ஆஃபரில். தனியாக நானூறு ரூபாய்க்கு நுரை டிப் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். பெட்டி மூடுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டுதான். பேச்சுச் சத்தத்தில் சோனியின் அருகில் போக முடிந்தது, தாண்ட முடியவில்லை.

அவளுக்கு சிஎம்எஃப். சீரியல் வசனம் தப்பித்து வரும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன். அதற்கு மழைச் சத்தத்தை மெதுவாக ஓடவிட்டால் வசனம் அதற்குள் மூழ்கிவிடும் என்று ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தேன். இடது காதுக்குச் சின்ன டிப், வலது காதுக்கு நடுத்தர டிப் என்று கண்டுபிடித்ததும் அவளேதான். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டில் ஓடும் மோட்டார் உறுமுவது 100 ஹெர்ட்ஸில், ஏஎன்சிக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

முந்தாநாள் போன் வந்தது, அவள் நம்பரிலிருந்து. எடுத்தால் அக்கா.

"ஏன்டா, என்னத்தடா வாங்கிக் குடுத்த இவளுக்கு? மோட்டாரப் போட்டுட்டு மேல போய் உக்காந்துக்கிட்டா. டேங்கு நிரம்பி ஒன்றரை மணி நேரமா தண்ணி தெருவுல ஓடுது. கீழ இருந்து கத்தறேன், கதவத் தட்டறேன், மகாராணி காதுல விழவே இல்ல."